காற்றை வெளியேற்றும் பசை

கணினியின் பிராசசர் மேற்பரப்பிலும், அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தொகுதியின் அடிப்பரப்பிலும் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் நிறைந்திருப்பதால், இரண்டையும் எவ்வளவு இறுக்கிப் பொருத்தினாலும் அவை சில புள்ளிகளில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. எஞ்சிய இடைவெளிகளில் காற்று தங்கிவிடுகிறது. ஒரு பொருள் தன்னூடே வெப்பத்தை எவ்வளவு எளிதாகச் செல்லவிடுகிறது என்பதைக் காட்டும் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று அளக்கப்படுகிறது. அந்த அளவு செம்புக்கு ஏறத்தாழ 400, காற்றுக்கு வெறும் 0.026. ஆகவே அந்த மெல்லிய காற்றுப் படலமே வெப்பம் கடப்பதற்குப் பெருந்தடையாகிறது. வெப்பம் எல்லை மீறும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இந்தக் காற்றை வெளியேற்றி அதன் இடத்தை நிரப்புவதே தெர்மல் பேஸ்ட்டின் வேலை. சிலிக்கோன் எண்ணெய் போன்றதொரு ஊடகத்தில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு முதலிய நுண்துகள்களைக் கலந்து செய்யப்படும் இப்பசையின் கடத்துதிறன் பெரும்பாலும் ஒற்றை இலக்க அளவிலோ சற்று மேலாகவோ இருக்கும். காற்றைவிட அது நூறு மடங்குக்கு மேல் சிறந்தது; செம்போடு ஒப்பிட்டால் மிகவும் பின்தங்கியது. எனவே பள்ளங்கள் நிரம்பிய பின்னரும் தடிப்பாக எஞ்சும் பசை, உலோகங்கள் இரண்டையும் நெருங்கவிடாமல் தானே தடையாகிவிடுகிறது. பசையின் தரத்தைவிட அதன் மெல்லிய பூச்சும், ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்த கூலரின் சீரான அழுத்தமுமே முக்கியமாவது இதனால்தான்.

உறையில் அச்சிடப்படும் கடத்துதிறன் எண்களை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையில் அளப்பதால், அவற்றை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது பயன் தராது. நல்ல பசைகளுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் சில டிகிரிகளே என்பதால், அன்றாடப் பயன்பாட்டுக்கு மின்சாரம் கடத்தாத, எளிதில் உலராத நடுத்தர விலைப் பசையே போதுமானது. காலியம், இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் கலவையான திரவ உலோகம் இவற்றினும் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கருவியில் அதுவே பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அது மின்சாரத்தையும் கடத்துவதால் ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டு பழுதாகலாம். மேலும் காலியம் அலுமினியத்தின் கட்டமைப்பையே சிதைத்துவிடும் என்பதால், அலுமினிய அடிப்பரப்புள்ள கூலர்களில் அதை ஒருபோதும் பூசலாகாது. பழக்கமற்றவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நன்று.

பழைய பசையை அகற்றும் கட்டமே அதிக கவனத்தைக் கோருகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் பிராசசர்களில், இறுகிய பசை பிராசசரையும் கூலரோடு சேர்த்துச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, அதன் ஊசிகளை வளைத்துவிடக்கூடும். கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசையை இளகவைத்து, மின் இணைப்பை முழுவதும் துண்டித்தபின், கூலரை மெல்ல இருபுறமும் திருகி எடுத்தால் அந்த ஆபத்து குறையும். பரப்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த, நூலிழை உதிராத துணியால் துடைத்து உலரவிட வேண்டும். உலோக மூடியுள்ள வழக்கமான டெஸ்க்டாப் பிராசசருக்கு நடுவே பட்டாணி அளவு பசை போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பும். மூடியின்றிச் சிலிக்கான் சில்லு வெளித்தெரியும் லேப்டாப்களில் மூலைகள் விடுபட்டால் அவ்விடம் மிகையாகச் சூடாகும் என்பதால், சில்லு முழுவதையும் மெல்லியதாக மூடுவது அவசியம். திருகுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிரெதிர் மூலைகளாக மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் அழுத்தம் ஒருபக்கம் சாயாது.

சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் மாறிமாறி நிகழ்வதால், பசை காலப்போக்கில் ஓரங்களை நோக்கிப் பிதுங்கி நடுப்பகுதி வறண்டுபோகிறது. ஆனால் இதற்கென ஆண்டுக் கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. தூசி நீக்கி, விசிறி சரியாகச் சுழல்கிறது என்று உறுதிசெய்த பின்னும் அதே வேலைக்கு முன்பைவிட வெப்பநிலை தெளிவாகக் கூடியிருந்தால் மட்டும் கூலரைக் கழற்றிப் பார்க்கலாம்.