கருவாட்டுப் பெயர் வைத்த செஸ் கில்லாடி! இனாமாகக் கொடுத்தவர்கள் கோர்ட்டுப் படி ஏறிய கதை

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14-வது ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென். எதிரே நம்ம சென்னைப் பையன் குகேஷ். வயது 18.

ஆட்டம் டிராவில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு இருந்தார்கள். 55-வது நகர்த்தல். டிங் தன் யானையை எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார்.

அவ்வளவுதான்! வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் திரை ஓரத்தில் இருந்த கறுப்பு - வெள்ளைப் பட்டை சடாரென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது. "டிங் போச்சு" என்பது அதற்கு அர்த்தம். எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கே அந்தத் தவறு சில விநாடி கழித்துத்தான் கண்ணில் பட்டது!

இப்படி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் பட்டைக்குப் பின்னால் இருந்து கணக்குப் போடுவது யார்? செஸ் ஒளிபரப்புகளில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது 'ஸ்டாக்பிஷ்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராம். அதன் விலை? ஒரு பைசா கிடையாது! செய்தது பெரிய கம்பெனியா? அதுவும் இல்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த சில பேர் ஆரம்பித்தது.

அதன் விவரம் வருமாறு:-

நார்வேக்காரரின் பொழுதுபோக்கு

நார்வே நாட்டைச் சேர்ந்தவர் டோர்ட் ரொம்ஸ்டாட். 2004-ம் ஆண்டு வாக்கில் 'கிளாருங்' என்ற செஸ் புரோகிராமை வெளியிட்டார். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையில் வரும் ஒரு டிராகனின் பெயர் அது. தன் புரோகிராமை அவர் பூட்டி வைக்கவில்லை. "யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்" என்று திறந்து வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் எப்படி ஆடுகிறது?

செஸ்சில் முதல் காயை நகர்த்த 20 வழி உண்டு. எதிரிக்கும் பதிலுக்கு 20 வழி. ஆக 400. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு தடவை நகர்த்துவதற்குள் 1 லட்சத்து 97 ஆயிரத்து 281 வழி ஆகிவிடுகிறது! எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்துக்கொண்டு இருந்தால் விடிந்துவிடும்.

அதனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரு வழியில் போனால் எதிரி சும்மா ராணியை வெட்டிவிடுவான் என்று தெரிந்த உடனே அந்த வழியை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அங்கே தோண்டக் கூடாது. முதல் கடையில் கத்தரிக்காய் மலிவு என்று தெரிந்தவர், அடுத்த கடையில் கூடுதல் விலையைக் கேட்டதும் காயைப் புரட்டிப் பார்க்காமல் நடையைக் கட்டுகிறார் அல்லவா? அதே கதைதான்.

அடுத்தது, எடை போடுவது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மார்க் போடுவது பழைய வழக்கம். ராஜா பத்திரமாக இருக்கிறாரா, சிப்பாய் தனியாக மாட்டிக்கொண்டதா என்பதற்கும் கூட்டிக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை எல்லாம் மனிதர்கள் வருஷக்கணக்கில் கையால் எழுதினார்கள்.

நார்வே மீன், இத்தாலி சமையல்!

இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா. இவர் ரொம்ஸ்டாட்டின் புரோகிராமை எடுத்து, அங்கங்கே செதுக்கி, 2008 நவம்பரில் புதுப் பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயர்தான் ஸ்டாக்பிஷ்.

ஸ்டாக்பிஷ் என்றால் என்ன தெரியுமா? நார்வேயில் காயவைக்கும் மீன். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் கருவாடு! நார்வேயில் உருவாகி இத்தாலியில் சமைத்தது என்பதால் இந்தப் பெயர்.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் "என் சரக்கை எடுத்துக்கொண்டாயே" என்று சண்டைக்குப் போயிருப்பார்கள். ரொம்ஸ்டாட் போகவில்லை. தன்னுடையதைவிட இதுதான் பலசாலி என்று கண்டதும், தன் டிராகனைக் கைவிட்டுவிட்டுக் கருவாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தார். பின்லாந்தைச் சேர்ந்த யூனா கீஸ்கியும் கூட்டுச் சேர்ந்தார்.

ஊர் கூடி இழுத்த தேர்

ஒரு திருத்தம் செய்தால் ஆட்டம் உண்மையிலேயே தேறியதா என்று எப்படித் தெரியும்? புதியதையும் பழையதையும் மோதவிட வேண்டும். பத்து ஆட்டம் போதாது. ஆயிரம், பதினாயிரம் என்று ஆட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா?

2013-ல் கேரி லின்ஸ்காட் என்பவர் வழி கண்டுபிடித்தார். 'பிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாடு. உலகம் முழுவதும் உள்ள செஸ் பிரியர்கள், தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை இனாமாகக் கொடுத்தார்கள். முதல் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு முழு ஆட்டத்துக்கும் சுமார் 10 விநாடிதான். அதில் தேறினால் கூடுதல் நேரத்தில் மறு பரீட்சை. கொண்டு வருகிற யோசனைகளில் பெரும்பாலானவை தோற்றுத் திரும்புகின்றன. பெரிய ஆள், சின்ன ஆள் என்ற பேச்சே கிடையாது. தராசு சொன்னதுதான் தீர்ப்பு!

2014-ல் கம்ப்யூட்டர்களுக்கான பெரிய போட்டி ஒன்றில், விலைக்கு விற்ற 'கொமோடோ' புரோகிராமை இந்த இனாம் புரோகிராம் வீழ்த்தியது. அதே ஆண்டு கோஸ்டால்பா பொறுப்பில் இருந்து விலகினார். வேலை நிற்கவில்லை.

கூகுள் கொடுத்த அடி

2017 டிசம்பரில் விழுந்தது பேரிடி. கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் கம்பெனி 'ஆல்பா ஜீரோ' என்ற புரோகிராமைக் களத்தில் இறக்கியது. அதற்கு யாரும் செஸ் பாடம் எடுக்கவில்லை. விதிகளை மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள். தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. நான்கே மணி நேரத்தில் ஸ்டாக்பிஷ்சை மிஞ்சிவிட்டது என்றார்கள்!

100 ஆட்டம். ஆல்பா ஜீரோவுக்கு 28 வெற்றி. மீதி 72 டிரா. ஸ்டாக்பிஷ்சுக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

"மோதவிட்டது பழைய ஸ்டாக்பிஷ்சை; நேரக் கட்டுப்பாடும் சரியில்லை" என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு வெளியான 1,000 ஆட்டக் கணக்கிலும் ஆல்பா ஜீரோவுக்கு 155 வெற்றி, 6 தோல்விதான். கையால் எழுதிய கணக்குக்குக் காலம் முடிந்தது என்பது விளங்கிவிட்டது.

ஜப்பானில் இருந்து வந்த மருந்து

கூகுளின் விசேஷ எந்திரங்களுக்குப் பொழுதுபோக்குக்காரர்கள் எங்கே போவார்கள்? மருந்து ஜப்பானில் கிடைத்தது. அங்கே 'ஷோகி' என்ற ஜப்பானிய சதுரங்கத்துக்காக யூ நாசு என்பவர் 2018-ல் ஒரு சின்ன 'நியூரல் நெட்வொர்க்'கை உருவாக்கி இருந்தார். ஆட்டங்களைப் பார்த்துத் தானே எடை போடக் கற்றுக்கொள்வது அது. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வேகமாக ஓடும். இன்னொரு ஜப்பானியரான ஹிசாயோரி நோடா அதை ஸ்டாக்பிஷ்சுக்குள் பொருத்தினார். 2020 செப்டம்பரில் 12-வது பதிப்பு வந்தது. கருவாடு மறுபடியும் உச்சியில் ஏறியது!

ஜெர்மனி கோர்ட்டில் கேஸ்

இனி கோர்ட்டு விவகாரம். 2021-ல் ஜெர்மனியின் செஸ்பேஸ் கம்பெனி 'பேட் பிரிட்ஸ் 2' என்ற புரோகிராமை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 99.90 யூரோ. "இது பெரும்பாலும் எங்கள் ஸ்டாக்பிஷ்தான்" என்று குழுவினர் கொதித்தார்கள்.

இனாமாகக் கொடுத்ததற்கு என்ன கேஸ் என்று கேட்கலாம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இட்லிப் பொடி செய்முறையை ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறார். "பாக்கெட் போட்டு விற்று நீங்கள் காசும் பார்க்கலாம். ஆனால் யாருடைய செய்முறை என்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்த மாற்றத்தோடு வாங்குகிறவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும்." இவ்வளவுதான் நிபந்தனை. இந்த உரிமத்தை மதிக்கவில்லை என்பதுதான் புகார்.

2021 ஜூலையில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஸ்டாக்பிஷ் கலந்த சரக்கை ஓராண்டுக்கு விற்பதில்லை என்றும், இலவச மென்பொருள் நிபந்தனைகளைக் கவனிக்கத் தனி ஆள் போடுவது என்றும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

கருவாடு விற்ற காசு நாறாது என்பார்கள். இவர்கள் காசு கேட்கவில்லை. பெயரையும் நிபந்தனையையும் காப்பாற்றத்தான் கோர்ட்டுக்குப் போனார்கள்.

தன் கையாலேயே...

2023-ல் நடந்ததுதான் உருக்கமான சம்பவம். குதிரைக்கு இவ்வளவு, ராஜா பாதுகாப்புக்கு இவ்வளவு என்று எத்தனையோ பேர் பல ஆண்டு ராத்திரி கண் விழித்து எழுதிய அந்தப் பழைய கணக்கு முழுவதையும் குழுவினரே அழித்துவிட்டார்கள். அது இல்லாமலே ஆட்டம் குறையவில்லை என்று தராசு சொல்லிவிட்டது. எழுதியவர் யார் என்று தராசு பார்ப்பது இல்லையே!

இன்று நூற்றுக்கணக்கானவர்களின் கைவேலை அதில் கலந்திருக்கிறது. மாலையில் மின்சார ரெயிலில் பக்கத்து சீட்டுப் பையன் போனில் செஸ் ஆடி, "எங்கே கோட்டை விட்டேன்?" என்று தட்டிப் பார்த்தால், பதில் சொல்வது அநேகமாக அந்த நார்வே கருவாடாகத்தான் இருக்கும். அதற்கும் காசு கிடையாது!