கரைவலையும் தன்னுணர்வும்

உடலும் சமூக வாழ்வும் இணைந்தே ‘நான்’ என்னும் உணர்வை ஆக்குகின்றன என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, நிலாவெளி முதல் புல்மோட்டை வரையான கரைகளின் கரைவலைத் தொழில் தக்க சான்றாகும். வலையின் இருபுறக் கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். அம்பாப் பாடலின் தாளத்தில் மூச்சும் அடியும் ஒன்றுபடும். அங்கு ஒருவன் தன் வலிமையை அயலவனது இழுவையினூடாகவே அறிகிறான்.

உடலை இயக்கும் முறைகள் சமூகம் கற்பிப்பவை என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1934இல் எடுத்துரைத்தார். கரைவலைக்கு இது பொருந்தும், ஆயினும் போதாது. பங்கீட்டையும் நோக்க வேண்டும். கயிறு பிடியாவிடினும் வலைக்குரிய சம்மாட்டிக்குப் பங்குண்டு. இழுப்பவனுக்கோ பங்கோடு காய்த்த உள்ளங்கையும் நாரி நோவும் சேர்கின்றன. ஒரே கரையில் இருவேறு ‘நான்’கள் உருவாவது இவ்வாறே.

வடக்குக் கிழக்குக் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கியது. பாட்டு ஓய்ந்ததே என்று மட்டும் வருந்துவது, கயிறு பிடித்தறியாதார் கொள்ளும் கற்பனை ஏக்கம். நாரி நோவை எவரும் விரும்பிச் சுமந்ததில்லை. ஆனால் நோவோடு பங்கும் போயிற்று. கயிற்றையன்றி வேறு உடைமையில்லாதவன் இனித் தன்னை எத்தொழிலனெனக் கூறிக்கொள்வான்?