முடிக்கக்கூடிய சிகிச்சையே சரியான சிகிச்சை

அறிக்கை முழுமையாகட்டும்

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?" என்பதுதான். ஆனால் எந்த வகைப் புற்று, எந்த நிலை, சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா கட்டுக்குள் வைப்பதா என்ற மூன்றுக்கும் முதலில் விடை தெரிய வேண்டும். திசுப் பரிசோதனையும் ஸ்கேனும் முடியாமல் அது தெரியாது. மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 பரிசோதனை முடிவுகள் வராமல் மருந்தையே தீர்மானிக்க முடியாது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து பார்த்த திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தூரமும் கூலியும் கணக்கில் வரட்டும்

கருப்பைவாய்ப் புற்று சுற்றிலும் பரவியிருந்தால், வாரம் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்து, பிறகு உட்கதிர்வீச்சு என்பதே வழக்கமான சிகிச்சை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். விருதுநகரை அடுத்த சூலக்கரையில் இருப்பவர் இதற்காகப் போக வேண்டிய மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது; பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் இழக்கும் கூலியை அது தராது. யார் துணைக்குப் போவது, எங்கே தங்குவது, வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதை முதல் நாளே பேசி முடிக்காத திட்டம் பாதியில் நின்றுவிடக்கூடும்.

எழும் மறுப்புகள்

சென்னைக்குப் போனால்தான் பிழைக்கலாம் என்பார்கள். 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லதே; திசுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அரிய புற்றுகளுக்கும் சிக்கலான அறுவைக்கும் அங்கேயே போவதும் நியாயம். ஆனால் தினமும் தேவைப்படும் கதிர்வீச்சை, வசதியிருந்தால், மதுரையிலேயே முடிப்பதுதான் பலருக்கும் சாத்தியம். விசாரித்துக்கொண்டே இருந்தால் நாள் தள்ளிப்போகாதா? போகும். சிகிச்சை நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் பல புற்றுகளில் 6 முதல் 13 சதவீதம் கூடுவதை 2020-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே ஒரே ஒரு மறுகருத்து, அதுவும் இரண்டு வாரத்துக்குள். நாட்டு மருந்து போதாதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு: மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது.

நோயாளியிடம் சொன்னால் தாங்கமாட்டார் என்று மறைப்பதும் அன்பினால்தான். ஆனால் வாந்தியும் சோர்வும் வரும்போது, ஏன் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரியாதவர் நடுவிலேயே நிறுத்திவிடக்கூடும். தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று கேளுங்கள். விரும்பினால் உண்மையைச் சொல்லி, முடிவில் முதல் குரலை அவருக்கே கொடுங்கள்.