காவல் நாய் நோயுற்றால்: கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

 

நம் மஹல்லாவில் வீட்டுக்குள் நாய் வளர்ப்போர் அரிது. ஆனால் தென்னந்தோப்பிலும் ஆட்டுப்பட்டியிலும் காவலுக்கு நாய் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. காவலுக்கும் கால்நடைக்கும் விவசாயத்திற்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உள்ளது. அப்படி வைத்துக்கொண்டால் அதன் பசியும் நோயும் நம் பொறுப்பு. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் பகுதித் தோப்பு ஒன்றில் காவல் நாய் இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை. வாய் மூடாமல் தொங்கியது, எச்சில் வடிந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து, வீட்டுப் பெரியவர் வாய்க்குள் கைவிட்டுத் தேடினார். எலும்பு எதுவும் இல்லை. மறுநாள் நாய் இறந்துவிட்டது. செய்தி கிடைத்ததும் நாங்கள் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்தோம். "கடிக்கவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று கேட்டார். அவர் விரலில் சிராய்ப்பு இருந்தது. ஊசி போடப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார்.

வெறிநோய் (ரேபிஸ்)

வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றே எண்ணுகிறோம். எல்லா நாயும் அப்படிச் செய்வதில்லை. சில நாய்கள் இருட்டான மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், குரைப்பு கம்மிப்போய் மாறும், பின்னங்கால்கள் தள்ளாடும். இந்த அறிகுறிகள் தென்பட்ட நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும்.

இவற்றைக் கண்டால் வாயில் கை வைக்காதீர்கள். குழந்தைகளையும் ஆடுகளையும் தூர விலக்கி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ, அதன் எச்சில் புண்ணிலோ கண், வாயிலோ பட்டாலோ உடனே தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். தோலில் பட்ட இடத்திற்குச் சோப்பும் போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போட்டு முடிக்க வேண்டும். மனிதருக்கு இந்நோயின் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது. அதற்கு முன் தடுப்பது எளிது.

மற்ற நோய்கள்

குட்டி நாய் வாந்தி எடுத்து, துர்நாற்றத்துடன் இரத்தக் கழிச்சலும் போனால் அது பார்வோ நோயாக இருக்கலாம். உடம்பின் நீர் வற்றி இரண்டு மூன்று நாட்களில் குட்டி இறந்துவிடக்கூடும். நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது. அக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே தடுப்பூசி போடாத வேறு குட்டியை அங்கே கட்டாதீர்கள்.

உண்ணி மொய்க்கும் நாய் காய்ச்சலோடு சோர்ந்து, மூக்கில் இரத்தம் வடித்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும்.

ஈற்றைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். வெளுத்திருந்தால் இரத்தக் குறைவு அல்லது உள்ளே இரத்தக் கசிவு. மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கல்லீரல் பாதிப்பு அல்லது இரத்த அணுக்கள் சிதைவது. ஆனால் நாம் முதலில் சொன்ன வெறிநோய் அறிகுறிகள் இருந்தால் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம். வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும், வலிப்பு வந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

நமக்கு வாங்கிய காய்ச்சல், வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். அவை அதற்கு நஞ்சாகலாம்.

செய்ய வேண்டியது

குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் தவணைகளில் தொடர வேண்டும். கால்நடை மருத்துவ ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். நாய்க்கடிக்கு மருத்துவமனை செல்ல வண்டி வசதி இல்லாதவர்கள் இரவானாலும் தயங்காமல் நம் அறக்கட்டளையைத் தொடர்புகொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்கிறோம்.