ஏட்டில் ஏறிய பெயர்

நிலச் சீர்திருத்தம் என்றால் நிலத்தைப் பிடுங்கிப் பங்கிடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ ஒரு சென்ட் நிலத்தையும் உடைமை மாற்றவில்லை. வாரக் குத்தகைக்கு உழுதவர்களின் பெயரை அதிகாரிகள் ஊருக்கே வந்து, கூட்டம் கூட்டிப் பதிந்தார்கள்; அவ்வளவுதான். சட்டம் முன்பே இருந்தது: இடுபொருளைக் குத்தகைதாரரே போட்டால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு, நினைத்தபடி வெளியேற்றவும் முடியாது. ஆனால் ஏட்டில் பெயரில்லாதவர் எதைக் காட்டி வழக்காடுவார்? பதிந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். அதன் பிறகு அங்கே விளைச்சல் கூடியது; அதற்குக் குழாய்க் கிணறும் கோடை நெல்லும்தான் காரணம் என்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எப்போது துரத்துவார்களோ என்று பயப்படுகிறவர் எருவுக்குக் கடன் வாங்கத் துணியமாட்டார். கூலிக்காரருக்கு நேரடிப் பயனில்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அவருக்கு உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி.