வலிப்பு நின்றதும் தண்ணீர் கொடுக்கலாமா?

என் தம்பிக்கு 17 வயது. பிறந்தது முதல் பெருமூளை வாதம், வலிப்பும் உண்டு. வலிப்பு வந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்கள் இரண்டைத் தேடுவார்கள்: சாவிக்கொத்து, தண்ணீர்.

இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது! அதையாவது விட்டுவிடலாம். தண்ணீர் அப்படியல்ல.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. ஒரு துளி வழிதவறினாலும் புரையேறி, இருமி வெளியேற்றிவிடுகிறோம். வலிப்புக்குப் பின் அரைமயக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் காவல் சரியாக இயங்காது. ஊற்றும் நீரோ உமிழ்நீரோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கலாம். தம்பிக்கு விழுங்கும் தசைகள் எப்போதுமே பலவீனம். அவனைப் போன்ற சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராது. பிறகுதான் காய்ச்சல், நிமோனியா. காய்ச்சல் மறுபடியும் வலிப்பைத் தூண்டும். சென்ற ஆண்டு இந்தச் சுழலில் சிக்கி இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தான்.

தாதிமை படிக்கும் என் தோழிகளுக்கே ஒன்று வியப்பாக இருந்தது: இவர்களில் பலருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. அது வேகமாக ஓடுவதால் தொண்டை சுதாரிப்பதற்குள் இறங்கிவிடும். அதனால் தம்பி குடிக்கும் மைலோவில்கூட கெட்டிப்படுத்தும் மாவு கலக்கிறோம். ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லிலிட்டர் ஊற்றி, 10 விநாடி ஒழுகவிடுவேன். 4 முதல் 8 மில்லிலிட்டர் மிஞ்சினால் அவனுக்குச் சரியான பதம். இது ஆளுக்கு ஆள் மாறும். பேச்சு சிகிச்சையாளர் சோதித்துச் சொல்லவேண்டும்.

உங்கள் வகுப்பிலோ எம்ஆர்டியிலோ யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியைத் திணிக்காதீர்கள். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ, மூச்சு திணறினாலோ 995.

தம்பி பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, தன் எச்சிலைத் தானே விழுங்கும்வரை நாங்கள் எதுவும் கொடுப்பதில்லை. பிறகும் கரண்டியில் சிறிது சிறிதாகத்தான். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க விடமாட்டோம்.

“பிள்ளைக்குத் தொண்டை வறண்டிருக்குமேம்மா” என்று பெரியம்மா தம்ளரோடு நிற்பார். ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்துவிடச் சொல்வேன். பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பார்.