சேமிப்பும் சேமமும்

‘சேவ்’ என்ற ஆங்கிலச் சொல் எமது பேச்சில் நன்றாகக் கலந்துவிட்டது. கைத்தொலைபேசியில் நம்பரை ‘சேவ்’ பண்ணுகிறோம். வங்கியில் ‘சேவிங்ஸ்’ புத்தகம் வைத்திருக்கிறோம். இச்சொல் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் பார்த்தேன்.

இதன் வேர், லத்தீன் மொழியின் ‘சல்வுஸ்’. ஆபத்தில்லாத, பழுதில்லாத என்பது பொருள். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, காப்பாற்றுதல் என்பதே முதற்பொருள். காசைச் செலவழிக்காமல் வைத்தல் என்ற பொருள் பின்னரே சேர்ந்தது.

எமது ‘சேமிப்பு’ம் அப்படித்தான். ‘சேமம்’ என்றால் நலம், பாதுகாப்பு. மீன் மலிந்த நாளில் உப்பிட்டுக் கருவாடு போடும் பேசாலைப் பெண்கள் செய்வதும் இதுதான்: பழுதாகாமல் காப்பது.

1990இல் போர் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் இராமேஸ்வரம் போனார்கள். வீடும் வலையும் இங்கேயே கிடந்தன. அன்று எம்மவர் சேமித்தது உயிரை.

ஆகவே சகோதரிகளே, எவ்வளவு சேர்த்தோம் என்பதுடன், அது பத்திரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே கணக்கை வையுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. தபாற்கந்தோரிலும் காசு போடலாம். உங்களுக்குப் பின் அது யாருக்குச் சேரவேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். கணக்கு இலக்கத்தை வேறொரு இடத்திலும் குறித்து வையுங்கள். புத்தகம் தொலைந்தாலும் காசு தொலையாது.